கூலி மூட்டையிலிருந்து பாரோவுக்கு

எகிப்திய நாகரிகப் பாடம் பெரும்பாலும் ஒரு முக்கோணப் படத்தோடு தொடங்கும். உச்சியில் பாரோ, அவருக்குக் கீழே அமைச்சர், பூசாரி, எழுத்தர், கைவினைஞர், உழவர், கடைசியில் அடிமை. மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடுவார்கள், தேர்விலும் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். "உச்சியில் இருப்பவர் கீழே இருப்பவருக்கு என்ன தர வேண்டும்?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். யார் மேல், யார் கீழ் என்பதைப் படம் காட்டுகிறது. தானியம் எங்கிருந்து எங்கே போனது என்பதைக் காட்டுவதில்லை. அந்த ஆட்சியே தானியத்தில்தான் ஓடியது.

அதனால் பாடத்தை அரசரிடமிருந்து தொடங்காமல் டெய்ர் எல்-மதீனாவிலிருந்து தொடங்குவது நல்லது. நைலின் மேற்குக் கரையில், அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்தவர்கள் குடியிருந்த ஊர் அது. எழுதத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் அன்றாடக் கணக்கை எழுதிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் வகுப்புக்கு ஒரு சில்லு போதும். இரண்டாம் ராமேசஸின் 40-ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட வருகைப் பதிவு அது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 40 பேரின் பெயர், வராத நாள், நாளுக்கு மேலே சிவப்பு மையில் காரணம். உடம்புக்கு முடியவில்லை, தேள் கொட்டியது, பீர் காய்ச்சினார், எழுத்தருக்குக் கல் சுமந்தார். காரணங்களை மட்டும் துண்டுத் தாள்களில் எழுதி, நாட்டையும் காலத்தையும் சொல்லாமல் நான்கு பேர் கொண்ட குழுக்களிடம் கொடுக்க வேண்டும். "எழுத்தருக்குக் கல் சுமந்தார்" என்ற துண்டில் கட்டாயம் நிற்க வேண்டும். மேலதிகாரி தன் சொந்த வேலைக்கு ஆளைப் பயன்படுத்துவதும், அதைப் பதிவில் ஒளிக்காமல் எழுதுவதும் முக்கோணப் படம் சொல்லாத செய்தி.

அடுத்தது கூலி. ஒரு தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை எம்மர் என்ற பழைய வகைக் கோதுமை, 1½ மூட்டை பார்லி. மேஸ்திரிக்கு 5½ மூட்டை கோதுமை, 2 மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. ஒரு மூட்டை ஏறத்தாழ 77 லிட்டர். இங்கே வழக்கமாக நேரும் தவறு, லிட்டரைக் கிலோவாக எடுத்துக்கொள்வது. மூட்டை கொள்ளளவு, எடை அல்ல என்பதை ஒரு டம்ளர் கோதுமையைத் தராசில் வைத்துக் காட்டினால் தீர்ந்துவிடும். மாதத்துக்கு 423 லிட்டர் ஒரு குடும்பம் தின்று தீர்க்கும் அளவல்லவே என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. நாணயம் இல்லாத ஊரில் மீதித் தானியம்தான் பண்டமாற்றுக்குப் போனது.

இதன் பிறகுதான் வேலைநிறுத்தத்தைச் சொல்ல வேண்டும், முன்னால் சொன்னால் வெறும் கதையாகிவிடும். மூன்றாம் ராமேசஸின் 29-ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 வாக்கில், கூலி தாமதமானது. "பசிக்கிறது, 18 நாள் ஆகிவிட்டது" என்று சொல்லிக் காவல் சுவர்களைக் கடந்துபோய் ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்தார்கள். பாரோவுக்கும் தலைமை அமைச்சருக்கும் தெரிவிக்கச் சொன்னார்கள். முந்தைய மாதத்துக் கூலி வந்து சேர்ந்தது. அமென்நக்த் என்ற எழுத்தர் பதிந்த அந்தப் பாப்பிரஸ் தாள் இத்தாலியின் டூரினில் இருக்கிறது.

நடித்துக் காட்டச் சொன்னால் அரசர் வேடத்துக்குத்தான் போட்டி வரும், சாட்டையும் வந்துவிடும். அரசர் வேடமே வேண்டாம். மேஸ்திரி இருவர், எழுத்தர் ஒருவர், காவல் தலைவர் ஒருவர், கோயில் அதிகாரிகள், மற்றவர்கள் தொழிலாளிகள். அரசர் கண்ணில் படாமலே எல்லாரும் அவர் பெயரைச் சொல்லிப் பேசுவதுதான் அந்த ஆட்சியின் இயல்பு. 'பாரோ' என்ற சொல்லின் மூலப்பொருளே 'பெரிய வீடு'. கோ இருக்கும் இல்லத்தைக் கோயில் என்று சொன்ன மொழியில் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு குழப்பம் மட்டும் விடாமல் தொடரும். இந்தத் தொழிலாளிகளையே பிரமிடு கட்டியவர்களாக மாணவர்கள் எழுதிவிடுவார்கள். சுவரில் 10 ஆண்டுக்கு 1 செ.மீ. வீதம் ஒரு தாள் நாடா ஒட்டிவிட வேண்டும். முதல் பாரோவாகக் கருதப்படும் நார்மரின் காலமான கி.மு. 3100-ஐத் தொடக்கமாக வைத்தால் பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு 54-ஆவது செ.மீ.யில் வருவார், வேலைநிறுத்தம் 194-இல், கிளியோபாட்ராவின் மறைவு 307-இல். கூஃபுவுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் இடையே 140 செ.மீ.யைக் கையால் அளந்து பார்த்த பிள்ளைகள் மறுபடி குழம்புவது குறைவு.

அடிமைகளே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. இந்தத் தொழிலாளிகள் வாழ்ந்த, 'புதிய அரசு' எனப்படும் காலத்தில் போர்க் கைதிகள் கோயில்களிலும் வீடுகளிலும் அடிமைகளாக இருந்தார்கள். டெய்ர் எல்-மதீனாக்காரர்களோ திறன் பெற்றவர்கள், வசதியானவர்கள். கடைசி வகுப்பில் முக்கோணத்தை மறுபடி வரையச் சொல்லி, இந்த முறை தானியம் போகும் வழிக்கு அம்புக்குறி போடச் சொல்ல வேண்டும். களஞ்சியத்திலிருந்து ஊருக்கு ஓர் அம்பு எல்லாருமே போடுவார்கள். களஞ்சியத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிறகுதான் உழவர் பக்கம் பென்சில் போகும். அவர் கைப்பட எழுதிவைத்த வருகைப் பதிவு எதுவும் இல்லை.