மீன்காரர் திருத்திய காதல் கதை

எங்கள் பெரியம்மா ஓய்வுபெற்ற டீச்சர். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களிலேயே காலம் முழுக்கப் படிப்பித்தவர். பென்சன் வரத் தொடங்கியதிலிருந்து சரித்திரக் காதல் கதை எழுதுகிறார். இப்போது எழுதுவது 1905இல் மன்னார் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை வைத்து. சுழியோடி ஒருவனுக்கும் கரையில் ஒரு பெரிய மனுஷன் மகளுக்கும் காதல். கதாநாயகனுக்கு முதலில் வைத்த பெயர் இளஞ்செழியன். அந்தக் காலத்து மன்னார்க் கரையில் இளஞ்செழியனாம்! சண்டை பிடித்துச் சவிரிமுத்து ஆக்கினேன். பெரியம்மா கடலைப் பார்த்தது காலிமுகத்திடலில் மட்டும்தான், அதுவும் இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டு.

புதன்கிழமை மீன்காரர் வருவார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி. ஹோர்ன் சத்தம் கேட்குமுன்பே லயத்து வீடுகளின் பூனைகள் வரிசைக்கு வந்துவிடும். அவருக்குச் சொந்த ஊர் மன்னார்க் கரையிலுள்ள சிலாபத்துறை, கல்யாணம் கட்டியது ஹட்டனில். இது தெரிந்ததும் பெரியம்மா கொப்பியோடு வாசலுக்குப் போய்விட்டார்.

"காதலியின் முகத்தை நினைத்தபடி பத்து நிமிடம் கடலடியில் அமர்ந்திருந்தான்" என்று வாசித்தார். சாளை நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"டீச்சர், கல்லில காலை வச்சு இறங்குவாங்க. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல நின்டா மையத்துதான். மேல கயிறு புடிக்கிறவன் இழுக்கோணும். அவனக் கதையிலயே காணல்லயே?"

பெரியம்மா முகம் சுருங்கியது. அடுத்தது அவருக்கு ரொம்பப் பிடித்த கட்டம்: நிலா வெளிச்சத்தில் சவிரிமுத்து சிப்பியைத் திறந்து அவள் உள்ளங்கையில் முத்தை வைக்கிறான். மீன்காரர் சிரித்தே விட்டார். ஏலம் எடுத்த வியாபாரிகள் சிப்பியைக் குவித்துப் போடுவார்களாம். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை அழுகிக் கரைந்த பிறகு கழுவித்தான் முத்துப் பொறுக்குவது. அவர் மிகைப்படுத்தவில்லை. அந்த வருஷம் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல், இறங்கிய சுழியோடிகள் சுமார் 5,000 பேர்.

"அந்த நாத்தத்துக்குள்ள நிலாவப் பார்க்க யாருக்கு டீச்சர் மனசு வரும்? அதுவும் எடுக்கிறதில மூன்டில ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு."

"கொழுந்து கணக்கு மாதிரியே இருக்கே" என்றார் பின்னால் பையோடு நின்ற அக்கா. மலையில் இறங்கி வேலை செய்துவிட்டு வந்தவர். பெட்டிக்குள் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசி அத்தியாயத்தில் சவிரிமுத்துவைச் சுறா பிடித்துவிடும். சரித்திரக் காதல் என்றால் ஒருவராவது சாகவேண்டும் என்பது பெரியம்மாவின் கொள்கை. மீன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி என்று ஒருவர் கரையில் இருப்பாராம். அவர் வராமல் சுழியோடிகள் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். வெள்ளைக்கார அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

பெரியம்மா பேனாவைத் திறந்தார்.

"அப்ப பொண்ணோட வாப்பாவைக் கடல்கட்டி ஆக்குங்க" என்று மீன்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை புடிக்கல்லையா? வாயைத் திறந்து சொல்லமாட்டார். எல்லாப் படகுக்கும் மந்திரம் ஓதுவார். இவன் இறங்குற நேரம் மட்டும் பாதியில மறந்துபோகும். கேட்டா, 'ஆ, வயசு போயிட்டுதானே மகன்' எண்டுவார். பார்வை வேற பக்கம் இருக்கும். சோறு போட்டா முள்ளுப் பக்கம்தான் நமக்கு வரும்…"

வரிசை அமைதியானது.

"தம்பி," பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார், "உங்க மாமனார் இப்ப ஹட்டன்லதானா?"

மனுஷன் சாளைப் பையை அவர் கையில் திணித்து, காசைக்கூட எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட்டு, சைக்கிளை மேல் லயத்துப் பக்கம் திருப்பிவிட்டார். பையோடு நின்ற அக்கா மீனில்லாமல் பெரியம்மாவை முறைத்தார். பெரியம்மா கவனிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, மடியில் சாளை சொட்டச் சொட்ட, மாமனாருக்கு வசனம் எழுதத் தொடங்கிவிட்டார்.