அரிசி மணி மாதிரி ஒரு கேலக்ஸி

கேரளா பார்டர்ல இருக்கற வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொஞ்சம் உள்ள வந்தா தென்னந்தோப்புக்கு நடுவுல எங்க ஸ்கூல், தமிழ் மீடியம் பசங்களுக்கு சயின்ஸ் எடுக்கறேன். வருஷா வருஷம் மார்ச் மாசம் அமாவாசைய ஒட்டி ஒரு ராத்திரி கிரவுண்ட்ல எட்டு இஞ்ச் டெலஸ்கோப் வெச்சு வானம் காட்டுவோம், ரோட்டுல போற லாரி லைட்டு மறையறதுக்கு தார்ப்பாய் கட்டணும்.

நான் விடாம காட்டறது என்ஜிசி 3115ங்கற கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்த ஒரு மண்டலம். சிம்மத்துக்குத் தெக்கால செக்ஸ்டன்ஸ்னு மங்கலான ஒரு விண்மீன் கூட்டம் இருக்கற திசையில இருக்கு, நம்ம ஊருக்கு நல்லா உயரத்துலயே வரும். மொத ரெண்டு வருஷம் முன்னாடியே கலர் போட்டோ காட்டிட்டேன், அப்புறம் டெலஸ்கோப்ல கண்ண வெச்ச பசங்களுக்கு முகமே சுண்டிப் போச்சு, இவ்ளோதானான்னு. அது என் தப்பு. இப்பல்லாம் மொதல்ல பாக்கணும், பாத்தத வரையணும், போட்டோ மறுநாள்தான். 1787ல வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இத மொதல்ல பாத்தப்போ அவருக்கும் தெரிஞ்சது புகை மாதிரிதான், இதெல்லாம் தனித்தனி கேலக்ஸின்னு உறுதியாக 1920கள் ஆச்சு.

போன தடவை ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி, "அரிசி மணி மாதிரி இருக்கு டீச்சர், நடுவுல மட்டும் பளிச்சுனு"ன்னா. எவ்ளோ சரியா சொல்லிட்டா! தட்ட பக்கவாட்டுல புடிச்சு பாக்கற மாதிரி அந்த கேலக்ஸிய நாம விளிம்புலருந்து பாக்கறோம், நடுவுல நட்சத்திரம் நெருக்கமா இருக்கறதால அந்தப் பளிச்சு. நம்ம பால்வெளி மாதிரி தட்டு உண்டு, ஆனா சுருள் கை கிடையாது, அதனால லென்ஸ் வடிவ கேலக்ஸிங்கறாங்க, அந்த லென்ஸுங்கற பேரே லத்தீன்ல மைசூர் பருப்பு மாதிரி ஒரு பருப்போட பேருதான்னு சொன்னதும் பசங்களுக்கு ஒரே சந்தோஷம். தூரம் சுமார் 3.2 கோடி ஒளியாண்டு. நடுவுல சுமார் 100 கோடி சூரியன் எடையில கருந்துளை இருக்குன்னு பக்கத்துல சுத்தற நட்சத்திரங்களோட வேகத்த வெச்சு 1992ல சொன்னாங்க, நம்ம பால்வெளியோடது 40 லட்சம் சூரியன்தான்.

புது நட்சத்திரம் பொறக்கற அளவுக்கு அந்த என்ஜிசி 3115ல கேஸ் இல்ல, பெரும்பாலும் வயசான மஞ்சள் நட்சத்திரங்கன்னேன். "அப்ப அது செத்துப்போச்சா டீச்சர்?"னு அதே பொண்ணு கேட்டா. இல்ல கண்ணு, சின்ன நட்சத்திரமெல்லாம் பிரபஞ்சத்தோட இப்பத்த வயச விட அதிக காலம் எரியும்னேன். ஒண்ணும் பேசல, பென்சிலயும் நோட்டையும் எடுத்துட்டு திரும்ப வரிசைல கடைசில போய் நின்னுட்டா.