பின்கட்டு

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

வீட்டின் பின்பக்கம் அம்மாவுக்கு ஓர் அறை கட்டுவதற்காகப் பொறியாளர் அளந்துவிட்டுப் போயிருக்கிறார். பின்மதிலிலிருந்து ஐந்தடி, கிழக்கு மதிலிலிருந்து மூன்றரை அடி, வீட்டின் பின்சுவரிலிருந்து நாலடி விட வேண்டும். மேற்கே சம்ப்பைத் தொடக் கூடாது. எல்லாம் போக மிஞ்சுவது 22-க்கு 13. அதாவது 286 சதுர அடி. அவர் போன பிறகு நானும் ஒருமுறை டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். அதே 286தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அம்மா இரண்டு நாளாக வாக்கரைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

“எனக்கு அறை வேண்டாம், அடுப்பு வேண்டும்” என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இத்தனை தெளிவாக அவள் எதையும் கேட்டதில்லை. ஐம்பது வருடமாகக் காலை ஐந்து மணிக்குத் தன் கையால் டிக்காஷன் இறக்கியவள் இப்போது ஹாலில் கட்டிலில் படுத்துக்கொண்டு, அடுத்தவர் எழுந்து காபி கொண்டுவரும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையேந்தி வாங்கிக் குடிக்கும் வயது தனக்கு இன்னும் வரவில்லை என்கிறாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

பொறியாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வெறும் அறையென்றால் இருக்கிற வீட்டோடு சேர்ந்தது, அடுப்பு வந்துவிட்டால் தனி வீடு என்றார். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அப்படித்தான் இருக்கிறது. தங்குவதற்கும் சமைப்பதற்கும் குளியல், கழிப்பறைக்கும் தனித்தனி வசதி இருந்தால் அது ஒரு குடியிருப்பு. ஆகவே வரைபடத்தில் ‘சாமான் அறை’ என்று போட்டுவிடலாம், அனுமதி வந்த பிறகு அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறார்.

அம்மாவைச் சாமான் என்று எழுதிக்கொடுக்க மாட்டேன். அடுப்பு மேடையை வரையச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டில் இன்று முழுக்க இதே பேச்சு. எங்கள் தெருவில் அவுட்ஹவுஸ் இல்லாத பழைய வீடு இல்லை, யார் அனுமதி வாங்கிக் கட்டினார்கள் என்று இவர் கேட்கிறார். உண்மைதான். பெங்களூரில் எங்கள் ஜீவன்பீமா நகரில் பின்பக்கம் ஓர் அறை போட்டு, தகரம் வேய்ந்து, வாடகைக்கு விட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. எனக்குத் தெரிந்தே நாலு.

ஆனால் காலம் அப்படியே இல்லை. போன டிசம்பர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு எதுவும் கிடையாது. வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்கிறார் இவர். இழுக்கலாம்தான். ஒருநாள் யாராவது புகார் கொடுத்து, அம்மா படுத்திருக்கும் சுவரில் நோட்டீஸ் ஒட்டினால்? எண்பத்தொரு வயதில் அவளை மறுபடி ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு வருவதா?

சண்டையில்லாமல் முடிந்தது. அவரே போய்ப் பால் வாங்கிவந்தார்.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கொழுக்கட்டைக்குச் செப்பு பிடித்தாள். பதினோரு செப்பு, ஒன்றுகூட விரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

அப்பாவின் தகரப் பெட்டி. 1984-இல் மனை ஒதுக்கீட்டுக் கடிதம், குத்தகைக் கிரைய ஒப்பந்தம், பத்து வருடம் கழித்து 1994-இல் முழுக் கிரையப் பத்திரம். ஒவ்வொன்றையும் பழைய காலண்டர் தாளில் சுற்றி, மேலே பச்சை மையில் தேதி எழுதி வைத்திருக்கிறார். சொத்து வரி ரசீதுகளை வருட வாரியாக நூலில் கோத்திருக்கிறார். ஏப்ரல் மாதத்திலேயே கட்டினால் ஐந்து சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதால் மே மாத ரசீது ஒன்றுகூட இல்லை. அந்த முடிச்சை அவிழ்க்க மனம் வராமல் கோத்தபடியே நகல் எடுத்தேன்.

ஆனால் காத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவு, இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஆறு வருடமாக யாரும் மாற்றவில்லை, நான் உட்பட. இறந்தவர் பெயரில் வரைபட அனுமதி கேட்க முடியாது. இறப்புச் சான்று, வம்ச விருட்சம், வில்லங்கச் சான்று, பிறகு பெயர் மாற்றம், பிறகு இ-காத்தா. அதற்குப் பிறகுதான் வரைபடம்.

அப்பா உயில் எழுதவில்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எங்கள் மூன்று பேருக்கும் சம பங்கு. 40-க்கு 60 மனையில் கால் பங்கு 600 சதுர அடி. இரவு படுத்த பிறகுதான் இது உறைத்தது. அவளுடைய 600 அடியில் 286 அடிக்கு அவள் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்டு நிற்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றிலிருந்து ஊர் ஐந்து மாநகராட்சிகள். மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. நாங்கள் மத்தியில் வருகிறோம். எந்தப் பெயருக்கு விண்ணப்பம் எழுதுவது என்று காலையில் பொறியாளரைக் கேட்டேன். ஒரு வாரம் பொறுங்கள் என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

“நாளெ பன்னி.”

செப்டம்பர் 5, வெள்ளி

நாளை வரச் சொன்னார்களே என்று போனேன். இன்று மீலாது விடுமுறை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தம்பி பேசினான். சான் ஹோசேயில் அவன் பக்கத்து வீட்டுக்காரர் பின்தோட்டத்தில் இப்படித்தான் சின்ன வீடு கட்டுகிறாராம். கலிபோர்னியா முழுவதும் அதற்கென்றே சட்டம் இருக்கிறது. பக்கத்திலும் பின்னாலும் நாலடி விட்டால் போதும், 800 சதுர அடி வரை எந்த ஊர் நிர்வாகமும் மறுக்க முடியாது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. அடுப்பு, தொட்டி, கழிப்பறை எல்லாம் இருந்தால்தான் அங்கே அதை வீடு என்றே ஏற்பார்களாம்.

நான் 60 என்று ஒரு தாளில் எழுதி வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பேசிக்கொண்டே போனான். கடைசியில், அம்மா ஏன் உள்ளேயே இருக்கக் கூடாது அக்கா, இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று கேட்டான்.

நீ வந்து பத்து நாள் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்துப்பார் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் பங்கை விட்டுக்கொடுத்து எழுத வேண்டியவன் அவன்.

செப்டம்பர் 10, புதன்

கழிப்பறைக் கதவு 36 அங்குலம். இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மாவின் ஆதாரில் இருப்பது அப்பாவின் கைபேசி எண். இ-காத்தாவுக்கு வேண்டிய ஆறு இலக்கம் அந்த எண்ணுக்குத்தான் போகும். அது இப்போது யாரிடம் இருக்கிறதோ. அழைத்துப் பார்த்தேன். ஓர் இளம் குரல், கன்னடத்தில், யார் வேண்டும் என்று கேட்டது. பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

பழைய சிம்மை அம்மா வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதைப் போட்டால் எண் வந்துவிடாதா என்று கேட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

ஆதார் மையம். கட்டணம் 50 ரூபாய்தான், ஆட்டோவிலிருந்து நாலு படி ஏற்றத்தான் இரண்டு ஆள். ரேகைக் கருவி அம்மாவின் விரலை ஏற்கவில்லை. வலது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், ஒவ்வொன்றாகச் சிவப்பு. இட்லி மாவு அரைத்தும், சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியும், புளி கரைத்தும் அந்த விரல்களில் ரேகையே வழுவழுத்துப்போயிருக்கிறது. அந்தப் பெண் பொறுமையானவள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைக்குள் அம்மாவின் கையை வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக்கினாள். அப்படியும் வரவில்லை. கடைசியில் கருவிழியைப் படம் எடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

இனி என் எண்.

செப்டம்பர் 26, வெள்ளி

மாமரம்.

குளியலறை வரும் இடத்தில்தான் அது நிற்கிறது என்று முதல் நாளே தெரியும். தெரிந்தும் யாரும் பேசவில்லை. இன்று மேஸ்திரி பேசிவிட்டார். தென்னையாக இருந்தால் கர்நாடகத்தில் கேட்காமல் வெட்டலாம், 1976-ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டத்தில் தென்னைக்கும் சவுக்குக்கும் யூகலிப்டஸுக்கும் விலக்கு உண்டு. மாமரத்துக்கு மர அலுவலரிடம் எழுதிக்கொடுத்து, அவர் பார்வையிட்டு, அனுமதி தர வேண்டும். இன்னொரு அலுவலகம், இன்னொரு கோப்பு.

அலைச்சலுக்குப் பயந்து நான் தயங்கவில்லை. அப்பா மனையில் முதலில் வைத்தது அஸ்திவாரக் கல் இல்லை, இந்தக் கன்று. சேலத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அடிமரத்தில் துணிக்கொடி கட்டிய கம்பியை மரம் பாதி விழுங்கியிருக்கிறது. விரலை வைத்தால் கம்பி ஓரிடத்தில் உள்ளே போய் இன்னோரிடத்தில் வெளியே வருகிறது.

அறையின் நீளத்தில் நாலடி குறைத்தால் மரம் தப்பிக்கும். 18-க்கு 13 என்றால் 234 சதுர அடி. அப்படியானால் கழிப்பறைக் கதவு 30 அங்குலம்தான் வரும் என்கிறார் பொறியாளர்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

டேப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வாக்கரின் அகலம் 25 அங்குலம். 30 அங்குலக் கதவில் நிலையும் பலகைக் கனமும் போக 27 கிடைக்கும். பக்கத்துக்கு ஓர் அங்குலம். அம்மாவின் விரல் முட்டிகள் பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சக்கர நாற்காலி வந்துவிட்டால் நுழையவே நுழையாது. விதிப்படி அப்படிப்பட்டவர்களுக்கு 900 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும், ஏறக்குறைய மூன்றடி.

அம்மாவிடம் கேட்டேன், மரமா கதவா என்று. ஏன் கேட்டேனோ.

அக்டோபர் 2, வியாழன்

தூங்கவில்லை. விடியற்காலையில் தோன்றியது: நகரும் கதவு. சுவரின் வெளிப்புறத்தில் தண்டவாளம் போல ஒரு பட்டை, கதவு பக்கவாட்டில் ஓடும். நிலையும் வேண்டாம், கீழே படியும் வேண்டாம். பூஜைக்கு வந்த மேஸ்திரியிடம் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். 36 வரும், கொடுக்கலாம் என்றார்!

மரம் இருக்கும். கதவும் இருக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

அறை வாசலிலும் படி கிடையாது என்றதும், வாசற்படி இல்லாத வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்கிறாள் அம்மா. மஞ்சள் குங்குமம் எங்கே வைப்பது, வெள்ளிக்கிழமை கோலம் எதன் முன்னால் போடுவது, லட்சுமி எதைத் தாண்டி உள்ளே வருவாள் என்று கேட்கிறாள். அரை அங்குல உயரம் போதும் வாக்கர் தட்டி அவள் விழுவதற்கு. ஜூலையில் விழுந்ததும் ஒரு படியில்தான். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பெயர் மாற்றக் கோப்பு நகரவில்லை. பாதி நாற்காலிகள் காலி. எல்லோரும் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறார்களாம். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் பக்கத்தில் ஒரு முதியவர், மடியில் கோப்பு, எத்தனையாவது தடவை என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

படிக்கு வழி கிடைத்தது. தரையோடு தரையாகக் கருங்கல் பட்டை ஒன்றைப் பதிப்பது, மேலே உயராமல், நிறம் மட்டும் வேறாக. அதில் மஞ்சள் பூசலாம், கோலம் போடலாம், வாக்கரும் உருளும். அம்மா நீண்ட நேரம் யோசித்துவிட்டு, கல் ஒரே கல்லாக இருக்க வேண்டும், ஒட்டுப் போடக் கூடாது என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

தம்பி சான் பிரான்சிஸ்கோ துணைத் தூதரகத்துக்குப் போய் என் பெயருக்கு அதிகாரப் பத்திரம் கையெழுத்திட்டுவிட்டான். தன் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கிறான். அக்காவும் அப்படியே. நானும். உறை இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

படம் ஒன்று அனுப்பியிருந்தான். அவன் பக்கத்து வீட்டுப் பின்தோட்டம். அஸ்திவாரக் குழி, கம்பி, நீலத் தார்ப்பாய். கீழே எழுதியிருந்தான்: “அடுப்பு எந்தப் பக்கம்?”

அக்னி மூலையில்தான் என்று பதில் போட்டேன். பிறகு நெடுநேரம் அழுதேன்.

அக்டோபர் 20, தீபாவளி

மழை. பின்பக்கமெல்லாம் சேறு. 2009-இல் மழைநீர்ச் சட்டம் வந்தபோது அப்பா தோண்டிய குழி நிரம்பி வழிகிறது. புதுக் கூரைத் தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும், வரைபடத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

1200 சதுர அடி வரையுள்ள மனைகளில் கட்டும் வீடுகளுக்குக் குடிபுகும் சான்றிலிருந்து விலக்கு என்று இவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் மனை 2400. படித்துவிட்டு அவரே மடித்து வைத்தார்.

ஆனால் ஒன்று நல்லது. 50-க்கு 80 வரையுள்ள மனைகளுக்கு, பதிவு பெற்ற பொறியாளரே உறுதி கொடுத்து இணையத்தில் வரைபடம் ஏற்றும் ‘நம்பிக்கெ நக்ஷெ’ முறையில் எங்களுடையது அடங்கும். காத்தா கைக்கு வந்த மறுநாளே ஏற்றிவிடலாம் என்கிறார். ஏற்றும் வரைபடத்தில் ‘சமையல்’ என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். பெரிதாக்கிக் காட்டினார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. 6-க்கு 5.

அக்டோபர் 27, திங்கள்

அம்மா வாக்கரை எடுத்தாள். ஹாலிலிருந்து பின்கதவு வரை பதினேழு அடி. மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் 29, புதன்

கூரியர் உறை வந்துவிட்டது. அக்கா கோவையிலிருந்து இரவு ரயிலில் கிளம்புகிறாள். நாளை மறுநாள் பதினொன்றரைக்குப் பத்திரப் பதிவு. அம்மாவையும் அழைத்துப்போக வேண்டும், அங்கேயும் ரேகை கேட்பார்கள். இன்றிலிருந்தே விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேஸ்திரியிடம் சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன், வேலைக்கு இல்லை, கோடு மட்டும் போட்டுக் காட்டத்தான், அடுப்பு எங்கே வருகிறதென்று அவள் நின்று பார்க்க