ஓடிபிசி டெஸ்ட் பாஸ், எக்செல்லில் ஃபெயில்: ஐஎம்014 படுத்திய பாடு

டேட்டா பிளாட்ஃபார்மில் உள்ள டேபிள்களை எக்செல்லிலும், டேட்டாபேஸ்களைத் திறந்து பார்க்கும் டிபீவர் அப்ளிகேஷனிலும் திறக்க வேண்டும். ஹோஸ்ட், போர்ட் 443, டோக்கன் எல்லாம் கேட்டதும் கிடைத்துவிட்டன. எக்செல்லை டேட்டாவோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவரும் சிக்கலில்லாமல் இன்ஸ்டால் ஆனது. ஓடிபிசி மேனேஜரில் டெஸ்ட் அழுத்தினால் வெற்றி என்றது. எக்செல்லில் அதே டிஎஸ்என்னை, அதாவது டிரைவர், ஹோஸ்ட் விவரங்களைச் சேமித்த இணைப்புப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஐஎம்014 எரர்.

சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். "டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க சார்" என்றார்கள். போட்டேன். அதே எரர். டிக்கெட் வேறொருவர் கைக்குப் போனது. அவரும் அதையே சொன்னார். எரர் எண்ணை முதல் மெயிலிலேயே எழுதியிருந்தேன். அதற்கு ஒரே அர்த்தம்தான்: அப்ளிகேஷனும் டிரைவரும் ஒரே பிட் இல்லை. என் எக்செல் 32 பிட், அவர்கள் கொடுத்த டிரைவர் 64 பிட். இதை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

எக்செல்லில் ஃபைல், அக்கவுண்ட், அபௌட் என்று போனால் முதல் வரியிலேயே எத்தனை பிட் என்று இருக்கும். டிரைவரை டவுன்லோட் செய்யும் முன்பே அதைப் பாருங்கள். விண்டோஸில் ஓடிபிசி மேனேஜர் இரண்டு உண்டு. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பதுதான் 32 பிட். பெயரைப் பார்த்து முடிவு செய்தால் தலைகீழாகிவிடும்! இன்னொன்று: யூசர் டிஎஸ்என் (உங்கள் லாகினுக்கு மட்டும் உரியது) இரண்டு மேனேஜரிலும் தெரியும், அதனால் ஐஎம்014 வரும். 64 பிட் மேனேஜரில் உருவாக்கிய சிஸ்டம் டிஎஸ்என் (கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொது) என்றால் 32 பிட் அப்ளிகேஷனின் கண்ணிலேயே படாது. 'டேட்டா சோர்ஸ் இல்லை' என்று ஐஎம்002 வரும். எரர் வேறு, நோய் ஒன்றுதான்.

32 பிட் டிரைவரைப் போட்டு, 32 பிட் மேனேஜரில் டிஎஸ்என் உருவாக்கினேன். டேபிள்கள் வரிசையாக வந்து நின்றபோது அப்படி ஒரு நிம்மதி.

ஷெட்யூல் செய்த ரெஃப்ரெஷ் வேறு கதை. அது உங்கள் லாகினில் இல்லாமல் தனி சர்வீஸ் அக்கவுண்டில் ஓடுவதால் உங்கள் யூசர் டிஎஸ்என் அதற்குத் தெரியாது. அங்கே சிஸ்டம் டிஎஸ்என்தான் வேண்டும்.

டிபீவர் ஜாவாவுக்கான இணைப்பு முறையான ஜேடிபிசியில் போகிறது, பிட் தொல்லை கிடையாது. ஆனால் கனெக்ட் ஆன பிறகு, குவெரி ரிசல்ட் வரும் நேரத்தில் விழுந்தது. எங்கள் டிரைவர் ரிசல்ட்டை ஆரோ என்ற டேட்டா ஃபார்மட்டில் வாங்குகிறது. ஜாவா 17 தன் உள் மெமரி கிளாஸ்களை அதற்குத் திறந்துவிடுவதில்லை. டிபீவரின் ஐஎன்ஐ (செட்டிங்) ஃபைலில், விஎம்ஆர்க்ஸ் வரிக்குக் கீழே, ஜாவா என்ஐஓ பேக்கேஜை டிரைவருக்குத் திறந்துவிடும் ஆட்-ஓபன்ஸ் ஆப்ஷனைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் ஓடியது. டிரைவர் செட்டிங்கில் ஆரோவையே அணைக்க வழி இருந்தால் அதுவும் உதவும், பெரிய ரிசல்ட்கள்தான் மெதுவாகும்.

டிக்கெட் போடுவதாக இருந்தால் அப்ளிகேஷன் பிட், டிரைவர் பிட், டிஎஸ்என் வகை, எரர் எண் நான்கையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். திரும்ப இன்ஸ்டால் செய்யச் சொன்னால், இவற்றில் எது அதனால் மாறும் என்று கேளுங்கள்.