அப்பத்தா முகத்தை வெக்டரில் வரைகிறேன்: ஆறாவது வாரம்

போன வாரம்தான் அப்பத்தாவின் கன்னம் கன்னமாகத் தெரிய ஆரம்பித்தது. அதுவரை சாம்பல் பூசியது போலவே இருந்தது. காரணம் பிடிபட்டுவிட்டதால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

படம் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் காலை பத்து மணிக்குக் கைப்பேசியில் எடுத்தது. தாழ்வாரத்தின் திறந்த பக்கத்திலிருந்து வெளிச்சம், மறுபக்கம் வெள்ளைச் சுவர். மென்பொருள் இங்க்ஸ்கேப், பிக்சலாக இல்லாமல் புள்ளிகளும் வளைவுகளுமாக, அதாவது வெக்டராக வரைவது. காசு கொடுக்க வேண்டியதில்லை. 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து மெஷ் கிரேடியன்ட்டும் (வலை போன்ற கட்டங்களில் நிறங்களை ஒன்றோடொன்று கலக்கும் வசதி) இருக்கிறது.

முதலில் முக ஓரம். படத்தைக் கீழ் லேயரில் (அடுக்கில்) பூட்டிவிட்டு, தாடையைச் சுற்றி நாற்பது புள்ளிக்கு மேல் வைத்தேன். புள்ளி கூடினால் நுணுக்கம் கூடும் என்று நினைத்தேன். தாடை மேடும் பள்ளமுமாக வந்தது. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து ஒன்பதில் நிறுத்தியபோதுதான் கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. புள்ளிகளுக்கிடையே ஓடும் இந்த வளைவுக்குப் பெயர் தந்த பியர் பெசியே 1960களில் ரெனோ நிறுவனத்தில் கார் உடலை வடிவமைக்கத்தான் இதைப் பயன்படுத்தினார். அதே கணக்கு ஒரு கிழவியின் தாடைக்கும் பொருந்துவது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

அப்புறம் நிறம். நான் பார்த்த பயிற்சிகள் எல்லாமே வெளிர்ந்த தோலுக்கானவை. நடு நிறம் ஒன்று, வெளிச்சத்துக்கு அதில் வெள்ளை, நிழலுக்குக் கறுப்பு. அதையே பழுப்பில் செய்தேன். வெள்ளை சேர்ந்த இடம் சுண்ணாம்பாகவும் கறுப்பு சேர்ந்த இடம் கரியாகவும் ஆனது. அப்பத்தா காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல இருந்தார்.

நிறம் எடுக்கும் கருவியை ஓரிடத்தில் சொடுக்கினால் அந்த ஒரு புள்ளியின் நிறம்தான் வரும். அழுத்தியபடி இழுத்தால் ஒரு வட்டம் விரியும், அதற்குள் இருப்பதன் சராசரி வரும். அப்படி எடுத்துப் பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. கன்னம் கருப்பட்டி நிறம். தாடைக்கு அடியில் விழும் நிழல் கறுப்பே இல்லை, பழம்புளியின் கருஞ்சிவப்பு. நெற்றியில் மின்னும் இடமோ நீலம் கலந்த சாம்பல், தாழ்வாரத்துக்கு வெளியே இருக்கும் வானத்தின் நிறம். தோலின் நிறம் வேறு, தோலின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தின் நிறம் வேறு. கறுத்த முகத்தில் இந்த இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. அந்த ஞாயிறு சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் நடந்தபோது எல்லார் நெற்றியையும்தான் பார்த்துக்கொண்டு போனேன். கேம்பல் லேனில் கடை விளக்கின் மஞ்சள், கொஞ்சம் தள்ளிப் போனால் பெயர்ப்பலகையின் பச்சை. எத்தனை அழகான முகங்கள்! நம் தோலை வரைய வெள்ளையும் கறுப்பும் போதாது என்பது அன்றைக்கு உறுதியானது.

இப்போது மினுமினுப்புக்குத் தனி லேயர். நீலச்சாம்பல் வடிவங்கள், 25 சதவீத அடர்த்தி, ஓரம் மங்க நல்ல பிளர். பிளர் முகத்தைத் தாண்டி வழியும், அதனால் முக வடிவத்தாலேயே கிளிப் செய்து, வெளியே வழிவதை மறைத்துவிடுகிறேன். பிளர் போட்ட வடிவங்கள் நூறைத் தாண்டியதும் கணினி திணறுகிறது. புள்ளிகளை நகர்த்தும்போது மட்டும் வெறும் கோடு காட்டும் அவுட்லைன் பார்வைக்குப் போனால் சமாளிக்கலாம்.

கண்ணுக்கு மட்டும் மூன்று இரவு ஆனது. கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை. மேல் இமையின் நிழல் விழுந்து மேலே பழுப்பு, கீழே மங்கிய மஞ்சள். கண் பாப்பாவில் ஒளிப்புள்ளியை வட்டமாக வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அது நீளக் கட்டம், எங்கள் தாழ்வாரத்தின் திறப்பு அப்படியே இருக்கிறது. கருவிழி ஓரத்தில் வயதானவர்களுக்கு வரும் மங்கிய நீல வளையமும் இருந்தது. அதை நிரப்பு நிறமில்லாத ஒரு வட்டக் கோடாகப் போட்டு லேசாக மங்கவைத்தேன். அது வந்ததும்தான் அப்பத்தா என்னைப் பார்த்தார்.

கன்னத்துக்கு மட்டும் மெஷ். ஆனால் கோப்பை அப்படியே அச்சுக்கடைக்கு அனுப்பினால் கன்னம் காணாமல் போகிறது, மெஷ்ஷைப் பல மென்பொருள்கள் படிக்காது. ஏ3 அளவுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3508க்கு 4961 பிக்சலில், பிஎன்ஜி படமாக மாற்றித்தான் கொடுத்தேன்.

அச்சை அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஏழு கல்லும் இருக்கே! கீழ்க்கல்லு விழுந்து எத்தனை வருஷமாச்சு, எங்கேர்ந்துடா எடுத்து வச்ச?”

மூக்குத்தியில் கீழே ஒரு கரும்புள்ளி இருந்ததை நிழல் என்று நினைத்து, மற்ற கல்லையே நகலெடுத்து அங்கே வைத்திருந்தேன். இன்றிரவு அந்தக் கல்லின் நாலு வடிவங்களையும் அழித்துவிட்டு வெறும் குழியை வரைந்திருக்கிறேன். கழுத்துச் சுருக்கம் பாக்கி.