பிரிஜிட் வரும் இரவு: இம்பொல்க்கும் கோரைச் சிலுவையும்

பிப்ரவரி 1 காலையில் எழுந்து மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களுக்கு இம்பொல்க் என்னும் ஐரிஷ் பண்டிகையின் முக்கால்வாசி ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும். பழைய ஐரிஷ் கணக்கில் பொழுது சாய்ந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. அதனால் ஜனவரி 31 மாலைதான் இந்தப் பண்டிகைக்கு உயிர். கோரை கொண்டுவருவது, துணியை வெளியே போடுவது, காவல் தெய்வமான பிரிஜிட்டை வீட்டுக்குள் அழைப்பது, கோரையில் சிலுவை முடைவது எல்லாம் அந்த ஒரே இரவில் நடக்கும்.

அயர்லாந்தில் ஆண்டை நான்காக வகுக்கும் நாட்கள் உண்டு. நவம்பர் 1 சவின், பிப்ரவரி 1 இம்பொல்க், மே 1 பெல்டனா, ஆகஸ்ட் 1 லூனசா. இம்பொல்க் வரும்போது குளிர் விட்டிருக்காது. ஆனால் சினைச் செம்மறிகளுக்கு மடி இறங்கத் தொடங்கும். பால் வரப்போகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. சேர்த்துவைத்த தீவனத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று விவசாயி அளந்து பார்க்கும் நேரமும் இதுதான். கவலையும் நம்பிக்கையும் கலந்த நாள் என்பதால்தான் காவல் கேட்கும் சடங்குகள் இதில் இத்தனை.

அந்தக் காவலுக்கு உரியவள் பிரிஜிட். இடைக்கால ஐரிஷ் நூல்கள் அவளைத் தக்தா என்னும் பழைய ஐரிஷ் கடவுளின் மகளாக, கவிதை, வைத்தியம், கொல்லுவேலை மூன்றுக்கும் உரிய தெய்வமாகச் சொல்கின்றன. அயர்லாந்தில் உள்ள கில்டேர் ஊரின் கிறிஸ்தவப் புனிதையான பிரிஜிட்டுக்கும் அதே பெயர், அதே நாள். கில்டேரில் பத்தொன்பது கன்னியர் முறைவைத்து அணையா நெருப்பைக் காத்ததாகவும், இருபதாம் இரவில் பிரிஜிட்டே காத்ததாகவும் 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதிவைத்தார். பின்னர் அணைந்த அந்த நெருப்பை 1993இல் பிரிஜிட் சபைக் கன்னியர் அங்கே மறுபடி ஏற்றினார்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவத்துக்கு முந்தைய இம்பொல்க் சடங்கு எதற்கும் அந்தக் காலத்து எழுத்துச் சான்று இல்லை. இன்று நமக்குத் தெரிந்த வழக்கங்கள் கத்தோலிக்கக் கிராமத்து வீடுகளில் பதிவானவை. அவற்றில் பெரும்பகுதி ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் 1942இல் அனுப்பிய கேள்வித்தாளுக்கு வந்த பதில்களிலிருந்து கிடைத்தது. இம்பொல்க்கையும் சேர்த்து எட்டுப் பண்டிகை கொண்ட ஆண்டுச் சக்கரம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில், விக்கா என்னும் நவீன இயற்கை வழிபாட்டு மத வட்டாரத்தில் உருவானது. இதனால் பண்டிகையின் மதிப்பு குறைந்துவிடாது. ‘ஐயாயிரம் ஆண்டுச் சடங்கு’ என்று அளப்பதைவிட, பாட்டிமார் செய்து காட்டிய வேலையைச் சரியாகச் செய்வதே பிரிஜிட்டுக்குச் செய்யும் மரியாதை.

அயர்லாந்தின் வடக்கே, அல்ஸ்டர் பக்கத்து வழக்கம் இப்படி. ஒரு கட்டுக் கோரையை வாசலுக்கு வெளியே வைத்திருப்பார்கள். வீட்டில் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், வெளியே போய் வலஞ்சுழியாக வீட்டைச் சுற்றிவந்து கதவைத் தட்டுவார். “முழந்தாளிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்” என்பார். உள்ளே இருப்பவர்கள் “வருக, வருக” என்பார்கள். மூன்று முறை இது நடந்த பிறகே கதவு திறக்கும். கோரையை மேசைக்கடியில் வைத்து, வெண்ணெய் தாராளமாகப் போட்டு மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் முடைய உட்காருவார்கள்.

இனிச் சிலுவை. இதற்கு ஏற்றது ஈரநிலத்தில் கொத்துக் கொத்தாக வளரும் ஜங்கஸ் எஃபியூசஸ் என்னும் கோரை. உருண்ட பச்சைத் தண்டு, கணு கிடையாது, பிளந்தால் உள்ளே தொடர்ச்சியான வெள்ளைத் தக்கை. வெட்டக் கூடாது, பிடுங்க வேண்டும் என்பது மரபு. கைக்கடக்கமான சிலுவைக்குப் பதின்மூன்று தண்டு போதும்: நடுவுக்கு ஒன்று, சிலுவையின் நான்கு கைகளில் கை ஒன்றுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு. முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நீளத்தில், ஒரே தடிமனாகப் பொறுக்கி எடுங்கள்.

முதல் தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதைச் சரிபாதியாக மடித்து, முதல் தண்டின் நடுவைச் சுற்றி மாட்டி, இரு நுனியும் வலப்புறம் போகும்படி இழுங்கள். முழுவதையும் இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்புங்கள். இப்போது அந்த மடிப்பின் நுனிகள் மேல்நோக்கி நிற்கும். மூன்றாவதை மடித்து அந்த இரண்டு இழையையும் சேர்த்துச் சுற்றி மறுபடி வலப்புறம் இழுங்கள். திருப்புங்கள், அடுத்ததை மாட்டுங்கள். மேல்நோக்கி நிற்கும் கையில் எத்தனை இழை இருந்தாலும் அத்தனையையும் புதுத் தண்டு அணைக்க வேண்டும். அது எப்போதும் வலப்புறமே போக வேண்டும். இந்த ஒரே விதிதான். நடுவில் சாய்சதுரம் தானாக விரியும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒரு திருப்பை மறந்தால் ஒரு கை பருத்து இன்னொன்று மெலியும். சரிசெய்ய அந்த இடம்வரை பிரிப்பதைத் தவிர வழியில்லை. அடுத்தது மடிப்பு முறிவது: தண்டு காய்ந்திருந்தால் தோல் விரிந்து தக்கை வெளியே வந்துவிடும். மடிக்கும் இடத்தைக் கட்டைவிரலால் முதலில் தட்டையாக நசுக்குங்கள். சில நாள் முன்பே கோரையைக் கொண்டுவந்துவிட்டால் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மூன்றாவது சிக்கல் கடைசித் தண்டில். அதை அணைக்க வேறு தண்டு இல்லாததால் உங்கள் கையை எடுத்தவுடன் எல்லாம் அவிழும். நடுவை விரலால் அழுத்தியபடி அந்தச் சிலுவைக் கையை முதலில் நூலால் கட்டுங்கள். மற்ற மூன்றையும் பிறகு கட்டி, நுனியைச் சமமாக நறுக்கலாம். கோரை காயக் காயச் சுருங்கும். அதனால் முடையும்போதே இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஓரிரு வாரம் கழித்து நூலை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிவிடுவது நல்லது.

முடித்த சிலுவை வாசற்கதவுக்கு மேலோ கூரைக்கடியிலோ போகும், தீயிலிருந்து வீட்டைக் காக்க. மாட்டுத்தொழுவத்துக்கு மூன்று கை உள்ள வகையை முடையும் ஊர்களும் உண்டு.

அதே மாலையில் ஒரு துணியையோ நாடாவையோ சன்னல் விளிம்பிலோ புதர்மேலோ விடுவார்கள். இதன் பெயர் ப்ரத் ப்ரீஜா. இரவில் கடந்துபோகும் பிரிஜிட் தொட்ட துணி என்பதால் அதை விடிவதற்குள் எடுத்துவைத்து, தலைவலிக்கு நெற்றியில் கட்டுவார்கள், கன்று ஈனத் திணறும் பசுவின்மேல் போர்த்துவார்கள். கால்வே பக்கம் வைக்கோல் திரித்த பெரிய வளையத்தை வீடு வீடாக எடுத்துப்போவார்கள். வருடம் முழுக்க உடல்நலம் வேண்டி மக்கள் அதற்குள் நுழைந்து வருவார்கள். கெர்ரியில் வைக்கோல் தொப்பி அணிந்த ‘பிடி’ (பிரிஜிட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்) கூட்டத்தார் பாடி ஆடி வருவார்கள். தெற்கே சில ஊர்களில் அன்று சக்கரம் சுழலும் எந்த வேலையும் ஆகாது. நூற்பும் வண்டியும் நின்றுவிடும்.

பிரிஜிட் பெயரால் உள்ள புனிதக் கிணறுகளுக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள மரத்தில் துணி கட்டுகிறார்கள். துணி மட்கும்போது நோவும் கரையும் என்பது நம்பிக்கை. பாலியஸ்டர் நாடா மட்காது. மேலும் கிளை பருக்கும்போது இறுக்கிப் பட்டையை அறுத்துவிடும். மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகக் கட்டுங்கள், அல்லது கட்டாமல் வந்துவிடுங்கள்.

2023 முதல் அயர்லாந்தில் இது பொது விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரால் அங்கே வந்த முதல் விடுமுறை. பிப்ரவரியின் முதல் திங்களன்று வரும். பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக அமைந்தால் அன்றே. சடங்கை விடுமுறை நாளுக்கு நகர்த்த வேண்டாம், 31 மாலையிலேயே செய்யுங்கள். பூமியின் தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களில் பலர் பருவத்தைப் பார்த்து ஆகஸ்ட் 1ஐ ஒட்டிக் கொண்டாடுகிறார்கள். அவர்களும் முந்தைய மாலையிலேயே கோரையைக் கையில் எடுத்துவிட வேண்டும்.