ஓரத்தில் இருந்த பென்சில் குறிப்புகள்

எங்கள் பேரூராட்சி புதிய தாம்பரம் மாநகராட்சியில் இணையவிருந்ததால், 2021 அக்டோபர் மாதம் முழுவதும் எங்கள் அலுவலகத்தில் சொத்து வரிப் பதிவேடுகளைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். கேட்பு (கட்ட வேண்டிய வரி), வசூல், நிலுவை மூன்றும் தெருவாரியாக ஒத்துவந்தால்தான் கணக்கை ஒப்படைக்க முடியும். ஒரு நாள் மாலை, பழைய ஏடு ஒன்றின் ஓரத்தில் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. "வீட்டுக்காரர் மஸ்கட்டில். வரி தங்கை கட்டுவார், மூன்றாவது தெரு." அடுத்த பக்கத்தில், "6 மணிக்கு மேல்தான் ஆள் இருக்கும்." இன்னொரு இடத்தில், "கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த அரையாண்டு அவசரப்படுத்த வேண்டாம்."

ஓய்வுபெற்றுப் போன வரித்தண்டலர் ஒருவரின் கையெழுத்து அது. கணினியில் ஏற்ற வேண்டிய படிவத்தில் உரிமையாளர் பெயர், கதவு எண், பரப்பளவு, வரி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை. இருபது ஆண்டுகள் தெருத்தெருவாக நடந்து ஒருவர் சேர்த்த அறிவு மூட்டை கட்டிப் பதிவறைக்குப் போய்விடும் என்று நினைத்தபோது மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, வரிவிதிப்பு எண்ணைப் போட்டு, அந்தக் குறிப்புகளை ஒரு நீள நோட்டில் எழுதினேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்திருந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆகும் என்றார்கள். நவம்பரில் ஆகியும்விட்டது. அந்த 5 பேரூராட்சிகளில் ஒன்றில்தான் நான் இளநிலை உதவியாளராக இருந்தேன். இணைப்பு என்பது எங்கள் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. 2011இல் சென்னை மாநகராட்சி தன்னைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டபோது பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

எனக்கு இன்றும் வருத்தம் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை எங்கள் ஊர்களில் கவுன்சிலர்களே கிடையாது; தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். தங்கள் ஊர் தனி அமைப்பாக இருப்பது முடிவுக்கு வந்த நேரத்தில், அதைப் பற்றி எழுந்து பேச மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. மன்றம் இருந்திருந்தாலும் இணைப்பு நடந்திருக்கலாம். ஆனால் ஆதரவும் எதிர்ப்பும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். அந்தப் பக்கம் வெற்றிடமாகவே இருக்கிறது.

பணியாளர்களின் கவலை வேறு. நகராட்சி ஊழியர்கள் ஓர் இயக்குநரகத்தின் கீழ், நாங்கள் இன்னோர் இயக்குநரகத்தின் கீழ். யாருக்கு யார் மூத்தவர் என்ற கேள்வியைப் பல மாதம் பேசினோம்.

மக்களுக்கோ ஒரே கேள்வி: வரி ஏறுமா? 2022 ஏப்ரலில் ஏறியது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். வரி கட்ட வந்த ஒரு வயதான அம்மா, "மாநகராட்சி என்று பெயரை மாற்றி எங்கள் தலையில் வைத்துவிட்டீர்களே, கண்ணு" என்றார். இந்த உயர்வு தமிழ்நாட்டின் எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் வந்தது என்று விளக்கினேன். "பேரூராட்சியாகவே இருந்திருந்தாலும் ஏறியிருக்குமா?" என்று கேட்டார். "ஏறியிருக்கும், அம்மா" என்றேன். சிறிது நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினார். "முன்பு செயல் அலுவலரை நடந்து வந்து பார்ப்பேன். இனி யாரைப் பார்ப்பது?" என்றார். 10 அலுவலகங்கள் இருந்த இடத்தில் 5 மண்டலங்கள், 70 வார்டுகள். அவர் வார்டு கவுன்சிலரின் பெயரையும் மண்டல அலுவலகத்துக்குப் போகும் வழியையும் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். இணைப்பில் எளியவர்கள் இழப்பது இந்த நடை தூரத்தைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் இணைப்பு சரி என்றுதான் சொல்வேன். காரணம் தண்ணீர். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைகிறது. ஓர் ஊர் ஏரியின் கலங்கலில் (உபரி நீர் வழியும் இடம்) வெளியேறுவதுதான் அடுத்த ஊரின் நீர்வரத்து. 2015 டிசம்பர் மழையில் இதை உடம்பால் அறிந்தோம். இடுப்பளவு நீரில் நின்றபடி, அடைப்பு யார் எல்லையில் இருக்கிறது என்று இரண்டு தரப்பு ஊழியர்கள் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லையைத் தாண்டி வேலை செய்தால் அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? 2021 இணைப்பிலும் நீரின் பாதை முழுமையாக அடங்கவில்லை. நன்மங்கலம் அதில் இல்லை. 2015இல் மூழ்கிய முடிச்சூரும் இல்லை.

2022 மழைக்கு முன், எங்கள் பழைய எல்லையில் இருந்த சிறுபாலத்தைப் பார்க்கப் போனோம். கரையோர வீடுகளின் வரிவிதிப்பு எண் தெரிந்தவர் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். ஜீப்பின் முகப்பில் எங்கள் அலுவலகம், பக்கத்து ஊர் அலுவலகம் இரண்டின் பழைய வரைபடங்களையும் விரித்தோம். எங்கள் படத்தில் கால்வாய் அந்தப் பாலத்தோடு முடிந்திருந்தது; அவர்கள் படத்தில் அதே பாலத்திலிருந்து தொடங்கியது. எங்கள் படத்தில் அகலம் 12 அடி. அவர்கள் படத்தில் 7. இரண்டும் ஒரே இடம்!

எங்கள் தூய்மைப் பணியாளர் ஒருவர், 19 ஆண்டுகளாக அந்தப் பாலம் வரை வண்டல் அள்ளியவர், "கீழே கல் கட்டு இருக்கிறது, மேடம். மண் மூடிவிட்டது. கட்டிலிருந்து கட்டுக்கு அளக்க வேண்டும்" என்றார். பொறியாளர் உட்பட யாருக்கும் அது தெரியாது. நான் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன். மண்வெட்டியால் இரண்டடி தோண்டியதும் கருங்கல் தட்டுப்பட்டது. அவர் டேப்பின் நுனியைக் கல்லில் வைத்துப் பிடித்துக்கொள்ள, எதிர்ப்பக்கத்துப் பணியாளர் மறு நுனியை இழுத்துக்கொண்டு நீரில் இறங்கிப் போனார்.

"பதினோரு அடி" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். பொறியாளர் இரண்டு படங்களிலும் இருந்த எண்ணை அடித்துவிட்டு 11 என்று எழுதினார்.